உலகத்தைக் கவனி

நேயர்களுக்கு வணக்கம்.

குறுக்கெழுத்துப் புதிர் பற்றிப் பேச அழைத்தபோது, கட்டத்தைக் காட்டாமல் எப்படிப் பேசுவது என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு, கட்டமே வேண்டாம் என்று தோன்றியது. எனக்குப் பிடித்த குறிப்புகள் எல்லாம் இரண்டு மூன்று சொற்கள்தான். காதில் விழுந்தாலே போதும். இதோ ஒன்று: "ஓடும் எண்." இரண்டு எழுத்து. மறுபடியும் சொல்கிறேன். ஓடும் எண்.

ஆறு. ஓடுவதும் ஆறு, எண்ணும் ஆறு. இன்னொன்று: "பூவால் கட்டிய பொழுது." இதற்கும் இரண்டு எழுத்து. மாலை என்று இந்நேரம் சொல்லியிருப்பீர்கள்.

ஒரு சொல்லுக்குள் இரண்டு மூன்று பொருள்கள் குடியிருப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில், கிளவியாக்கம் என்ற இயலில் இதற்குப் பெயரே உண்டு: பலபொருள் ஒருசொல். 'மா' என்று மட்டும் சொன்னால் எது என்று தெரியாது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. பக்கத்தில் வரும் வினை பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வினையாலும், கூட வரும் இனத்தாலும், பேச்சின் சார்பாலும் பொருள் தெளியும் என்கிறது இலக்கணம். வினை, இனம், சார்பு: இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்கச் சொல்லப்பட்ட இதே மூன்றைத்தான் புதிர் அமைப்பவர் எதிர்த் திசையில் திருப்புகிறார். ஒரு பொருளுக்கு உரிய வினையைக் கொண்டுவந்து இன்னொரு பொருளின் பக்கத்தில் உட்கார வைக்கிறார்.

"கையில் பூட்டிய மிருகம்." நான்கு எழுத்து. பூட்டிய என்றதும் ஏரில் பூட்டிய மாடு, தேரில் பூட்டிய குதிரை என்று மனம் ஓடுகிறது. ஓடட்டும் என்றுதான் அந்த வினையை அங்கே வைத்திருக்கிறார். ஆனால் 'கையில்' என்ற சொல் மாட்டுக்கும் பொருந்தாது, குதிரைக்கும் பொருந்தாது. அந்த ஒரு சொல்தான் அவர் நமக்குத் திறந்து வைத்த கதவு. விடை: விலங்கு. வி, ல, ங், கு. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பு என்னை இரண்டு நாள் விடவில்லை. "உலகத்தைக் கவனி." இரண்டு எழுத்து. மற்ற கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, இது மட்டும் பாக்கி. புவி என்று எழுதினேன். மேலிருந்து கீழ் வந்த சொல் இரண்டாம் கட்டத்தில் 'ர்' போட்டுவிட்டது, புவியை அழித்தேன். உலகத்தைக் கவனித்தால் என்ன தெரியும்? ஊர் தெரியும். ஊர் என்று எழுதிப் பார்த்தேன், 'ர்' கூடப் பொருந்தியது. ஆனால் மனம் ஒப்பவில்லை. கட்டத்தில் பொருந்துவது வேறு, குறிப்போடு பொருந்துவது வேறு. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும், இரண்டு வயது இருக்கும், ஒரு குழந்தையும். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அந்த அம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அங்கே பார்... அதோ பார், பார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது 'பார்' காதில் விழுந்தபோது பையிலிருந்த தாள் நினைவுக்கு வந்தது. பார்! பார் என்றால் கவனி. பார் என்றால் உலகமும்தானே? பாரெங்கும் என்று மேடையில் பேசுகிறோம், பார் புகழும் என்று வாழ்த்துகிறோம். எனக்குத் தெரியாத சொல் அல்ல. தினம் நூறு முறை வாயில் வரும் சொல். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் கண்ணில் படவில்லை. குழந்தையும் அழுகையை நிறுத்தியிருந்தது. அந்தத் தாய்க்கு இன்றுவரை என் நன்றி.

'உலகத்தை' என்பதில் வரும் ஐ உருபு எதற்கு, உலகம், கவனி என்று தனித்தனியாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஐ வேண்டும். அது இருந்தால்தான் இரண்டு சொற்களும் ஒரே வாக்கியமாகி, நம்மை வேறு பக்கம் அழைத்துப் போகின்றன.

தமிழில் இத்தகைய குறிப்புகள் இவ்வளவு அழகாக அமைவதற்குக் காரணம், நம் வினைப்பகுதி அப்படியே ஏவலாகவும் நிற்பதுதான். படி, பார், கல், அணி, மறை, வரை, மதி எல்லாம் பெயராகவும் இருக்கும், கட்டளையாகவும் இருக்கும். ஒட்டு எதுவும் இல்லாமல் கட்டத்துக்குள் நிற்கும்வரை எல்லாப் பொருளும் ஒன்றாக வாழ்கின்றன. ஒட்டு சேர்த்துவிட்டால் பிரிந்துவிடும். ஆற்றில் என்றால் நதி, ஆறில் என்றால் எண், ஆறியது என்றால் சூடு. சில சொற்கள் அப்போதும் பிரிய மறுக்கும். கரைந்தது என்று சொன்னால் உப்பா, காகமா?

இது சிலேடைதானே என்று கேட்கலாம். உறவுதான், ஆனால் ஒன்றல்ல. காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடினார். எதற்கும் எதற்கும் என்பது நமக்கு முன்பே தெரியும், பொருந்துவதைக் கண்டு வியக்கிறோம். புதிரில் எதற்கும் எதற்கும் என்பதே மறைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அகராதியின் மூலையில் கிடக்கும் பொருளைத் தேடி எடுத்து வந்து மடக்குவது நல்ல புதிர் அல்ல. செய்யுளில் அமைந்த பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லின் பல பொருள்களைச் சொல்வது. அதுவும் இரண்டாம் எழுத்தான எதுகையை வைத்து வரிசைப்படுத்தியது. இரண்டாம் கட்டம் மட்டும் நிரம்பி விழித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு புதையல். நானே அதில் மணிக்கணக்காக மூழ்கியிருக்கிறேன். இருந்தாலும் விடை கிடைத்ததும் "அட, இது எனக்குத் தெரியுமே" என்று சொல்ல வைக்க வேண்டும். "இப்படி ஒரு பொருள் உண்டா?" என்று கேட்க வைத்தால் அமைத்தவர் தோற்றுவிட்டார். "உடம்பு பொய்யல்ல" என்ற குறிப்பைப் பாருங்கள். மெய். யார் குறை சொல்ல முடியும்?

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். நீங்களே குறிப்பு எழுதுவது எப்படி என்று விரிவாகச் சொல்ல வந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒரு சொல்லை எடுங்கள். 'அணி' என்று வைத்துக்கொள்வோம். நகை, விளையாட்டுக் குழு, உடுத்து என்ற கட்டளை. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுத்து, இரண்டும் சேர்ந்து ஒரு வாக்கியமாகும்வரை எழுதி எழுதிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு குறிப்பு, விடை சொல்லப் போவதில்லை. "நெற்றியில் விழுந்தால் முதுமை, மேடையில் விழுந்தால் முடிவு." இரண்டு எழுத்து, இரண்டாவது எழுத்து 'ரை'. மறுபடியும் சொல்கிறேன்: நெற்றியில் விழுந்தால் முதுமை, மேடையில் விழுந்தால் முடிவு. நரை என்று எழுதிவிடாதீர்கள். மேடையில் அது விழாது.