பழைய குழாய்க்குப் புதுப் பணம்: எங்கிருந்து வருது, எதுல போடணும்?

[திரையில்: தோண்டின தெருக்குழி. வெட்டி எடுத்த வார்ப்பிரும்புக் குழாய்த் துண்டு, வாய்ப்பக்கம் நெருக்கமாக.]

வணக்கமுங்க. இந்தக் குழாயோட வாயைப் பாருங்க. போட்டப்ப உள்விட்டம் 200 மில்லிமீட்டர். துரு முடிச்சு முடிச்சாக் கட்டி, தண்ணி போற வழி இப்ப 150 தான் இருக்குது. கால்வாசிதானே குறைஞ்சுதுன்னு தோணும். ஆனா அதே அழுத்தத்துக்கு முன்னே போன தண்ணியில 47 சதவீதம்தான் இப்பப் போகும். தெருக்கோடி வீட்டுக்கு நல்ல தண்ணி நூலாட்டம் வர்றதுக்குப் பல இடத்துல இதுதான் காரணமுங்க.

[திரையில்: தெருக்குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் ஃபெரூல். பக்கத்தில் சாக்கடை.]

அடுத்தது ஓட்டை. பெரும்பாலும் இந்த ஃபெரூல்லயும், வீட்டுக்குப் போற துருப்பிடிச்ச ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) குழாய்லயும்தான் ஒழுகும். 6 மில்லிமீட்டர் ஓட்டை, 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா வர்ற அழுத்தம்னு வெச்சுக்கங்க. மணிக்குச் சுமார் 850 லிட்டர், ஒரு நாளைக்கு 20,000 லிட்டர் மண்ணுக்குள்ள போயிரும். ஆளுக்கு 135 லிட்டர்ங்கிற கணக்குல 150 பேரோட ஒரு நாள் தண்ணி. தண்ணி நிறுத்தினதும் குழாய் காலியாகி, அதே ஓட்டை வழியா சாக்கடைத் தண்ணி உள்ளே இழுபடும். வீட்டுல மோட்டார் வெச்சு உறிஞ்சினா இன்னும் மோசம். அதனால தெருக்குழாயை மாத்தாம 24 மணி நேரத் தண்ணி விட்டா, ஓட்டையும் 24 மணி நேரம் ஓடும், அவ்வளவுதான்.

கோவைக்குச் சிறுவாணித் தண்ணி மலையில இருந்து தானா இறங்கி வருது. திருப்பூருக்கோ பவானி ஆத்துல இருந்து மோட்டார் போட்டு ஏத்தணும். 10 லட்சம் லிட்டரை 100 மீட்டர் ஏத்த, மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்து 70 சதவீதத் திறன்ல ஓடினாக்கூட 390 யூனிட் கரண்ட் ஆகும். ஒழுகிப் போற தண்ணிக்கும் அந்த பில்லைக் கட்டித்தான் ஆகணும்.

[திரையில்: மானியம், கடன், கட்டணம்.]

பணம் வர்ற வழி முக்கியமா மூணு. மானியத்துல பெருசு, 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த நகரக் குடிநீர்த் திட்டமான அம்ருத் 2.0. ஊர் பெருசாகப் பெருசாக மத்திய அரசோட பங்கு குறையும். 10 லட்சம் பேருக்கு மேலிருக்கிற கோவை மாதிரி ஊருக்குத் திட்டச் செலவுல 25 சதவீதம், ஈரோடு, திருப்பூர், சேலத்துக்கு மூணுல ஒரு பங்கு, லட்சத்துக்குக் கீழே இருக்கிற உடுமலை, கோபி மாதிரி ஊர்களுக்குப் பாதி. அதுவும் 20, 40, 40 சதவீதம்னு மூணு தவணையில வரும். முதல் தவணைக்கு உண்டான வேலை இழுத்துட்டா அடுத்த தவணையும் இழுக்கும். தோண்டின ரோடு அப்படியே கிடக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். மீதியில மாநில அரசு ஒரு பங்கு தரும், நகராட்சியும் தன் பங்கைப் போடணும்.

அந்தப் பங்குக்குத்தான் கடன். 100 கோடி, 8 சதவீத வட்டின்னு வெச்சுக்குவோம். 20 வருசத் தவணைன்னா வருசம் 10.2 கோடி. ஒரு லட்சம் இணைப்பு இருக்கிற ஊர்ல இணைப்புக்கு மாசம் 85 ரூபா விழும். 10 வருசத்துல அடைக்கணும்னா வருசம் 14.9 கோடி, இணைப்புக்கு 124 ரூபா. மொத்த வட்டி 10 வருசத்துலதான் கம்மி. ஆனா குழாய் 30 வருசத்துக்குன்னு திட்டமிட்டுப் போடறது. அதோட விலையை இன்னைக்கு இருக்கிறவங்க தலையிலேயே மொத்தமா ஏத்தறது நியாயமில்லைங்க. குழாய்க்கு நீண்ட கடன் சரி. மோட்டாருக்கு ஆயுள் 15 வருசம்தான், அதுக்கு 20 வருசக் கடன் வாங்கினா மோட்டார் போன பின்னாடியும் தவணை நிக்கும். கரண்ட் பில்லுக்கும் குளோரினுக்கும் கடனே கூடாது, அது கட்டணத்துல இருந்துதான் வரணும்.

சின்ன ஊருக்கு யாரு கடன் கொடுப்பாங்க? 2002-ல தமிழ்நாட்டுல 13 உள்ளாட்சிகளை ஒண்ணாச் சேர்த்து 30.41 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டாங்க, வட்டி 9.20 சதவீதம். ஒவ்வொரு ஊரும் வருசத் தவணையில ஒன்பதுல ஒரு பங்கை மாசாமாசம் தனிக் கணக்குல ஒதுக்கிரணும். ஒன்பது மாசத்துலயே முழுத் தவணையும் சேர்ந்துரும், மூணு மாசம் கையில மிச்சம். முதலீடு செஞ்சவங்களுக்கு அதுதான் தைரியம்.

கடனை அடைக்கிற வரவு ஒரே இடத்துல இருந்து வந்தா என்ன ஆகும்னு திருப்பூர் காட்டுச்சு. நாளுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணி கொண்டுவர்ற திட்டம் அது. சாயப்பட்டறைகள் கொடுக்கிற கூடுதல் விலையை நம்பித்தான் கணக்குப் போட்டாங்க. நொய்யல் மாசுபட்டதால 2011 ஜனவரியில உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. தண்ணி வாங்கற பெரிய ஆள் இல்லாமப் போனாங்க, திட்டத்தோட வரவும் விழுந்துச்சு. மூடினது சரியான தீர்ப்புத்தான். கடன் கணக்குத்தான் ஒத்தைக் கால்ல நின்னுச்சு.

[திரையில்: மதிப்பீட்டுத் தாளில் மூன்று வரிகள்.]

உங்க பகுதி சபைக் கூட்டத்துல திட்ட மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி மூணு வரியைத் தேடுங்க. பகுதிவாரியா எவ்வளவு தண்ணி போகுதுன்னு அளக்கிற மீட்டர் இருக்குதா? ஃபெரூல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் புது இணைப்பு சேர்ந்திருக்குதா? பழைய குழாயைத் துண்டிச்சு மூடி போட்டு அடைக்கறதுக்குத் தொகை இருக்குதா? இந்த மூணாவது வரி பல மதிப்பீட்டுல விட்டுப்போகும். அப்புறம் புதுக்குழாய்த் தண்ணி பழைய இணைப்பு வழியா செத்த குழாய்க்குள்ள இறங்கி, ஆறு மாசம் கழிச்சு அதே தெருவைத் திரும்பத் தோண்ட வேண்டி வரும்.