படுகளத்தன்று நான் பெங்களூரில் இருந்தேன்

வணக்கம் மக்களே. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர் மாந்தோப்பில் உட்கார்ந்து பேசுகிறேன், இடையில் மோட்டார் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் எம்.பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஜூனியர் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நெட்வொர்க்கிங்னு நாலு இடத்துக்கு ஓடணும், ஃப்ரெண்ட்ஸையும் வீட்டையும் விடக்கூடாது, எப்படிச் சமாளிக்கிறீங்க?" நெட்வொர்க்கிங் என்றால் பின்னால் வேலைக்கு உதவக்கூடிய ஆட்களோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது. முதல் வருடம் நான் சமாளிக்கவே இல்லை. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வருடம் எந்தக் கூட்டம் என்றாலும் போய்விடுவேன். சிப்காட் பக்கம் ஒரு கருத்தரங்கா, பெங்களூரில் ஸ்டார்ட்அப் சந்திப்பா, யார் கூப்பிட்டாலும் சரி. எங்கள் ஊரில் அந்த வருடம் பதினெட்டு நாள் பாரதக் கூத்து. கடைசி நாள் படுகளம், மண்ணால் துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்து, பீமன் வந்து தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிகிற வரைக்கும் ஊரே நிற்கும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள்கூட லீவு போட்டு வருவார்கள். சின்ன வயதிலிருந்து நான் ஒரு படுகளத்தையும் விட்டதில்லை. அன்றைக்குப் பார்த்து பெங்களூரில் ஒரு கூட்டம், போய்விட்டேன். பத்தொன்பது விசிட்டிங் கார்டு வாங்கி வந்தேன். பத்தொன்பது பேருக்கும் லிங்க்ட்இன் என்கிற வேலைத் தொடர்புத் தளத்தில் செய்தி அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் அப்பாவுக்கு அடுத்த மாதமே இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பதினைந்து நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஏன்டி எனக்கு ஒரு போன் பண்ணலை என்று கேட்டால், "நீ ஏதாவது மீட்டிங்கில இருப்பேன்னு நினைச்சோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார், எம்.பி.ஏ. வகுப்பில் இதை மேலோட்டமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தச் சமயத்தில் அவரை எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல், ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவைக்குக் குறைவாகப் பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 55.6 சதவீதம். மொத்தம் 54 பேர்தான், சின்ன கணக்கு, ஆனால் காரணம் தெளிவாகப் புரிகிறது: நெருங்கிய தோழிக்குத் தெரிந்த சேதி எனக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுச் சேதி வருவது வேறு வட்டத்தில் புழங்குகிறவரிடமிருந்து.

2022-இல் வந்த இன்னொரு ஆய்வு லிங்க்ட்இனிலேயே இரண்டு கோடிப் பேரை வைத்து ஐந்து வருடம் செய்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் ஒருவருமே இல்லாத தொடர்பைவிட, அப்படிச் சிலராவது இருக்கிற ஓரளவு தெரிந்தவர் மூலம்தான் வேலை மாறுவது அதிகம் நடந்திருக்கிறது. அதாவது அரைகுறையாகத் தெரிந்தவர்கள். என்னுடைய பத்தொன்பது கார்டும் முழு அந்நியர்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், வருடத்தில் மூன்று நாலு தடவை பார்க்கிற, முகம் தெரிந்த, ஆனால் வேறு உலகத்தில் இருக்கிற ஆட்களை நாம் எங்கே பார்க்கிறோம்? கல்யாணத்தில், எருது விடும் விழாவில், மாங்காய் மண்டியில், படுகளத்தில். நான் விட்டுவிட்டுப் போன இடங்கள் எல்லாம் அதுதான்.

போன சீசனில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்ததும் அப்படித்தான். பெரியப்பா தோப்பில் பெங்களூரா ரக மாங்காய் எடுக்க வருகிற வியாபாரி ஒருவர், வருடத்துக்கு ஒரு மாதம் பார்ப்போம், மற்ற நாளில் போன்கூடக் கிடையாது. என்ன படிக்கிறே என்று கேட்டார், சொன்னேன். ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்றார். எட்டு வாரம் அங்கே இருந்தேன். வண்டி வரிசையில் நிற்கிற நேரத்துக்கும் பழம் கழிவாவதற்கும் என்ன தொடர்பு என்று தினமும் கேட்டில் நின்று குறித்ததுதான் என் பிராஜெக்ட்.

ஆனால் இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இந்த இடத்தில் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். கல்யாண வீட்டுக்குப் போய் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று ஒவ்வொருவராகப் பிடிக்காதீர்கள். போய் இலை போடுங்கள், பாட்டிகளிடம் உட்காருங்கள், அவ்வளவுதான். நெருங்கிய நண்பர்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். என் தோழி ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியில் லைனில் வேலை செய்கிறாள், அங்கே ஹெச்.ஆர். நம்பர் வாங்கித் தா என்று நான் அவளிடம் இதுவரைக்கும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். மாதம் பிறந்ததும் காலண்டரில் முதலில் வீட்டு விசேஷங்களையும் தோழிகள் விசேஷங்களையும் எழுதிவிடுவேன், ஏனென்றால் சீமந்தத்தை எனக்காக யாரும் தள்ளிவைக்க முடியாது. மிச்சம் இருக்கிற நாளில் வெளிக்கூட்டம் மாதத்துக்கு ஒன்று. போன இடத்தில் பத்தொன்பது பேரிடம் கை குலுக்குவதை விட்டுவிட்டேன், இரண்டு பேரிடம் அரை மணி நேரம் பேசினால் போதும். இரண்டு நாளுக்குள் மூன்று வரி எழுதுவேன்: எங்கே பார்த்தோம், என்ன பேசினோம், அவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி. லிங்க்ட்இன் செவ்வாயும் வியாழனும் முக்கால் மணி நேரம், காலேஜ் பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இந்தக் கூட்டம் எல்லாம் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிக்கிறார்கள், முடிய ஒன்பது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ராத்திரியிலும் பஸ் இருக்கும், ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் அங்கிருந்து எங்கள் ஊருக்கு டவுன் பஸ் ஒன்பதோடு சரி. அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார், அடுத்த நாள் விடிகாலை அவருக்குப் பால் ஊற்றப் போக வேண்டும். நான்கு தடவை அவரை அப்படி நிற்கவைத்த பிறகு, பேச்சாளருக்கே எழுதினேன்: ஐயா, சாயங்காலம் வர முடியாது, வேறு நாளில் பகலில் பதினைந்து நிமிடம் கிடைக்குமா என்று. இரண்டு பேருக்கு எழுதினேன், ஒருவர் வரச் சொன்னார்.

ஓசூர்ப் பக்கம் இந்த மாதிரிக் கூட்டம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், தயவுசெய்து மூன்று மணிக்கு ஆரம்பியுங்கள். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்பார்கள்.