மிஷனெரிகளைப் பார்த்து "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்ட நெல்லைக் குருவானவர்

(திரையில்: 1910, எடின்பரோ)

வணக்கம் மக்களே! ஸ்காட்லாந்துல உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பேர் கூடியிருக்காங்க. அதுல ஆசியாக்காரங்க இருபது பேர் தேறினாலே அதிகம். அந்த மேடையில ஏறுறார் வெள்ளாளன்விளையில பிறந்த 35 வயசு குருவானவர், வேதநாயகம் சாமுவேல் அசரியா.

பின்னணியை வேகமா முடிச்சிடுறேன். 1874-ல பிறப்பு. அப்பாவும் குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில படிப்பு, அப்புறம் ஒய்.எம்.சி.ஏ.ங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துல செயலாளர் வேலை. 1902-ல யாழ்ப்பாணம் போறார். அங்க தமிழ்க் கிறிஸ்தவங்க தங்க சொந்தக் காசுல வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புறாங்க. 'நம்ம திருநெல்வேலி ஏன் இதைச் செய்யல?'ன்னு உறுத்துது. அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் உருவாகுது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில. ஊரையெல்லாம் 'போங்க'ன்னு சொல்லிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு வரல. 1909-ல குருப்பட்டம் வாங்கிட்டு நிஜாம் ராஜ்யத்து (இப்போ தெலங்கானா) டோர்ணக்கல் போயிட்டார். தெலுங்கை அரிச்சுவடியில இருந்து படிக்கணும்!

அவர் இருந்த ஆங்கிலிக்கன் சபையில, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிச் சபையில, இந்தப் பட்டம் மூணு படி. முதல்ல டீக்கன்: பேராயர் (பிஷப்) தலைமேல கை வச்சுப் புதிய ஏற்பாட்டைக் கையில கொடுப்பார். பிரசங்கம் பண்ணலாம், திருவிருந்துக்கான அப்பத்தையும் திராட்சரசத்தையும் பிரதிஷ்டை பண்ண முடியாது. அடுத்தது குருவானவர்: இப்போ முழு வேதாகமம் கைக்கு வரும், திருவிருந்தும் நடத்தலாம். மூணாவது பேராயர். அதுக்குக் குறைஞ்சது மூணு பேராயர்கள் கை வைக்கணும்.

சரி, எடின்பரோவுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அவர் எடுத்த ஆயுதம் பைபிள்ல பவுல் எழுதின 1 கொரிந்தியர் 13. உடைமை எல்லாத்தையும் அன்னதானம் பண்ணி, உடம்பையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லைன்னா ஒண்ணுமில்லைன்னு பவுல் சொல்ற அதிகாரம். அசரியா அதை அப்படியே எதிர்ல இருந்தவங்க பக்கம் திருப்புறார். ஏழைகளுக்கு உங்க பொருளைக் கொடுத்தீங்க, உங்க உடம்பையும் கொடுத்தீங்க, நாங்க அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்! திட்டின மாதிரியும் இல்ல, கெஞ்சின மாதிரியும் இல்ல. அவங்களே பிரசங்கம் பண்ற அதிகாரத்தை வச்சே கேட்டா, யார் எழுந்து மறுப்பு சொல்றது? வருஷக்கணக்கா கூடவே ஊழியம் பார்த்தும் ஒரு இந்தியரைச் சமமா வீட்டுக்குள்ள சேர்க்காத மிஷனெரிகளைத்தான் அவர் சொன்னார். பலருக்குக் கசந்துச்சு. கசக்கட்டுமே!

1912 டிசம்பர் 29, கல்கத்தா. டோர்ணக்கல் பேராயரா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார், வயசு 38. வெள்ளைக்காரங்க மட்டுமா எதிர்த்தாங்க? சாதியைச் சொல்லி நம்மாளுங்களும்தான்.

இனி அதிகம் பேசப்படாத பகுதி: பணம். டோர்ணக்கல் சபையில பெரும்பாலும் தலித் விவசாயக் கூலிகள். கூலியே தானியமா வர்ற வீட்டுல காணிக்கைக்குக் காசு எங்கே? அங்கதான் பிடியரிசி. உலையில போட அளந்த அரிசியில இருந்து ஒரு பிடி, தனிக் கலயத்துல. அதைச் சபைக்குக் கொண்டு வந்து சேர்க்கணும். இதுல ஒரு சிக்கல்: புழுங்கலும் பச்சரிசியும் கலந்தா ஒரே பதமா வேகாது, விலையும் இறங்கிடும். சேர்த்து நாளாச்சுன்னா வண்டு வேற. அதனால வகை பிரிச்சு வாங்கி, சீக்கிரமே வித்துடணும்.

ஞானஸ்நானம் வாங்குறவங்க தங்க தலையில தாங்களே கை வச்சு, 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ'ன்னு சொல்லணும்ங்கிறது அவர் கொண்டு வந்த பழக்கம். 1935 வாக்குல டோர்ணக்கல் மறைமாவட்டத்துல (ஒரு பேராயர் பொறுப்புல இருக்கிற பகுதி) சுமார் 250 இந்தியக் குருமார், 2,000-க்கு மேல கிராம ஆசிரியர்கள். டோர்ணக்கல்ல 1939-ல பிரதிஷ்டையான பேராலயத்துல ஆலயத் தூண் ஜாடையும் இருக்கும், மசூதி மினார் ஜாடையும் இருக்கும். ரயில்ல அந்தப் பக்கம் போனா இறங்கிப் பாருங்க.

உங்க சபையில இன்னும் பிடியரிசி எடுக்கிறாங்களா? ஊர்ப் பேரோட கமெண்ட்ல போடுங்க!