வயிறு நிறையும்வரை மரியாதை காத்திருக்க வேண்டுமா?

பெரியோர்களே, தாய்மார்களே, ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள் எல்லோரும் மனிதத் தேவைகளைப் படிப்படியாகக் காட்டும் அந்த முக்கோணத்தைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு. அப்புறம் அன்பும் உறவும், அதற்கு மேல் மதிப்பு. உச்சியில் தன்னியல் நிறைவு, அதாவது நமக்குள் இருக்கும் ஆற்றல் முழுவதும் மலர்வது. பரீட்சைக்கு எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்போம்.

ஆனால் இந்தத் தேவைக் கோட்பாட்டைச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் அந்த முக்கோணம் இல்லை. பிற்காலத்தில் நிர்வாகவியல்காரர்கள் வரைந்த படம் அது. படம் வந்ததும் ஒரு தப்பான எண்ணமும் கூடவே வந்துவிட்டது: கீழ்ப்படி முழுதாக நிறைந்தால்தான் மனிதன் மேற்படியைத் தேடுவான் என்று. மாஸ்லோ அந்தக் கட்டுரையிலேயே இதை மறுத்திருக்கிறார். சராசரி மனிதனுக்கு நிறைந்திருப்பது உடல் தேவை 85 வீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, தன்னியல் நிறைவு 10 என்று ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டினார். அளந்து எடுத்த கணக்கில்லை, விளக்கத்துக்காகச் சொன்னது. எல்லாத் தேவைகளும் ஒரே மனிதனுக்குள் ஒரே நேரத்தில் அரைகுறையாக நிறைந்திருக்கும், வரிசையும் ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதுதான் அவர் சொன்ன விஷயம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இந்த மலையகத்தில் நின்று இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. ‘தோட்டத்துச் சனங்களுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடினால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்’ என்று படித்தவர்களே பேசுகிறார்கள். நம் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் உயிர்விட்டார். அந்தக் காலத்தில் சங்கம் சேர்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். லயக் காம்பிரா, அதாவது வரிசை வீட்டில் நாம் குடியிருந்த அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும், அரிசியும் போகும். முக்கோணத்தின் அடியிலுள்ள இரண்டு படிகளையும் பணயம் வைத்துத்தான் நம் பாட்டன்மார் நிமிர்ந்து நின்றார்கள்.

1948இல் இலங்கை அரசு நம் பிரஜாவுரிமையைப் பறித்தபோது அடுப்பு அணைந்துவிடவில்லை. மறுநாளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனோம், கொழுந்து எடுத்தோம். ஆனாலும் ‘நான் எந்த நாட்டுக்காரன்’ என்ற கேள்வி இரண்டு மூன்று தலைமுறையை அரித்தது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலைக்கணக்குப் போட்டார்கள். அதில் அண்ணன் கப்பல் ஏறினான், தங்கை லயத்தில் நின்றாள். அந்த வலியைச் சோறு போட்டு ஆற்ற முடிந்ததா?

மன்மதன் கதையை ஆடும் நம் காமன் கூத்தையும் நினையுங்கள். பகலெல்லாம் மலையில் நின்றவர்கள்தான் மாசி மாதத்தில் விடிய விடிய ஆடினார்கள். வயிறு நிறைந்த பிறகு பிறந்த கலையில்லை அது.

இதைக் கேட்டுவிட்டு, பசியைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் கிட்டத்தட்ட 32 பேர். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளையிடம் ‘தன்னம்பிக்கை வேண்டும்’ என்று பேசுவது கொடுமை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அதற்குப் பிறகு அடைமழை இரவில் கண் மூடாத வீடுகள் எத்தனை! விடிந்து வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைத் தட்டி எழுப்புவதற்கு முன், ராத்திரி எப்படிப் போனது என்று கேளுங்கள் ஆசிரியர்களே.

மாஸ்லோவின் காலத்து இன்னோர் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். மனிதன் வளர, நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொள்ளும் இன்னொரு மனிதர் வேண்டும் என்றார். நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இடம்தான். ‘சாதாரண தரம் பாஸ் பண்ணினால்தான் நீ என் பிள்ளை’ என்று சொல்கிறோம். தோட்டத்தில் உத்தியோகத்துக்கு வந்த இளைஞன், தகப்பன் வயதுக்காரரை ‘வாடா, போடா’ என்கிறான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன் கொழும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், ஊர் எது என்று கேட்டால் ‘நுவரெலியா பக்கம்’ என்கிறான். தோட்டத்தின் பெயரை வாயில் எடுப்பதில்லை. அவனுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் தான் பிறந்த இடத்தை மறைத்துக்கொண்டு வாழ்கிறான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பல தோட்டங்களில் கடிதம் வீட்டுக்கு வருவதில்லை, தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்தால் அந்தப் பிள்ளை இழந்தது எது? வருமானமா, பாதுகாப்பா, மதிப்பா, எதிர்காலமா? எல்லாம் சேர்ந்துதான் போயிற்று. சங்கத்துத் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த முறை சம்பளக் கோரிக்கை எழுதும்போது அதே தாளில் இவற்றையும் எழுதுங்கள்: குடும்பத்துக்குச் சொந்தக் காணி, வீட்டுக்கு இலக்கம், வாசலுக்கே தபால்.