எட்டாங்கொடை எங்கே போச்சு?

நேயர்களுக்கு வணக்கம். தக்கலையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், தாலுகா ஆபீசுக்குக் கொடுக்கிற மனு, எல்லாம் அடித்துக் கொடுப்போம். கணினியில் எழுதுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெருமை பேச ஆள் நிறைய உண்டு. நான் குறையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒரு அம்மன் கோயில் கொடை நோட்டீஸ். கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. குடியழைப்பு, மதியக்கொடை, வில்லிசை, சாமக்கொடை, மஞ்சள் நீராட்டு என்று வரிசையாக அடித்து, கடைசி வரியில் எட்டாங்கொடை, அதாவது கொடை முடிந்து எட்டாம் நாள் பூசை. என் திரையில் ஒரே பக்கத்தில் கச்சிதமாக நின்றது. கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். நான் போட்டிருந்த எழுத்துரு அங்கே இல்லை. கணினி தானாகவே கொஞ்சம் அகலமான வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டது. வரிகள் மடங்கி மடங்கி, கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. அடித்ததோ முதல் பக்கம் மட்டும். ஊர்த்தலைவர் அண்ணாச்சி நோட்டீசை என் மேசையில் விரித்துப் போட்டுக் கேட்டார்: "எம்மா, எட்டாங்கொடை எங்க போச்சு?" அப்புறம் ரப்பர் ஸ்டாம்பு செய்து ஐநூறு நோட்டீசிலும் குத்தினோம். மை காய்வதற்குள் அடுக்கியதில் பாதி நோட்டீஸின் முதுகிலும் எட்டாங்கொடை.

சொற்செயலி, அதாவது வேர்டு மாதிரி எழுதுகிற மென்பொருள், அதன் கோப்பு என்பது பக்கத்தின் படம் அல்ல. எந்த எழுத்து, எந்த அளவு என்ற குறிப்புதான் அதில் இருக்கிறது. திறக்கிற கணினி தன்னிடம் உள்ள எழுத்துருவை வைத்துப் பக்கத்தைப் புதிதாகக் கட்டும். அதனால் இப்போது அச்சுக்கு, பக்கத்தை அப்படியே உறைய வைக்கிற பிடிஎஃப் கோப்புதான். ஆனால் நோட்டீசில் முன்னிலை வகிப்போர் பெயர் ராத்திரி பத்து மணி வரை மாறும். எளிதில் திருத்த முடியாத பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு அதற்கு என்ன செய்ய?

மைக்ரோசாப்ட் வேர்டு 1983-இல் வந்தது. 2007 பதிப்பில் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு, மேலே ரிப்பன் என்ற பட்டையை வைத்தார்கள். கூடவே கோப்பு வடிவமும் மாறியது, டாக் போய் டாக்எக்ஸ் வந்தது. கை பழகினவர்களுக்கு அது வீட்டுச் சாமானை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றி வைத்த மாதிரி.

சரி, மாற்று இல்லையா? இருக்கிறது. ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-இல் பிரிந்து வந்த லிப்ரே ஆபீஸ். காசு கிடையாது. அதன் ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமானது. ஆனால் அங்கேயும் தமிழுக்கு ஒரு வேடிக்கை உண்டு. எழுத்துரு அமைக்கிற இடத்தில் 'மேற்கத்தியம்', 'ஆசியம்' என்று பிரித்திருப்பார்கள். தமிழ் ஆசியாவில்தானே என்று அதில் மாற்றினால் ஒன்றும் நடக்காது. அந்த ஆசியம் சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு. நமக்கு மூன்றாவதாக ஓர் அறை, 'சிக்கலான எழுத்தமைப்பு' என்ற பெயரில். அரபியும் இந்தியும் அங்கேதான் குடியிருக்கின்றன.

என்ன சிக்கல் என்கிறீர்களா? 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் 'க'தான் முதலில், கொம்பு பின்னால். திரையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. தட்டச்சு இயந்திரத்தில் கொம்பை முதலில் அடித்துத்தான் நான் தட்டச்சுத் தேர்வில் லோயர் பாஸானேன். அந்த விரல் இன்னும் கொம்பைத்தான் தேடுகிறது.

நான் இப்போது அடிப்பதெல்லாம் இலவச மென்பொருளில்தான். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவரும் கோப்புக்காக மற்றதையும் வைத்திருக்கிறேன். ஒன்றில் செய்த அட்டவணையை இன்னொன்றில் திறந்தால் கோடு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். இரண்டையும் திட்டிக்கொண்டேதான் கடை நடக்கிறது.

இந்த உரையின் பிரதியை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள், டாக்எக்ஸில். நான் தாளில் அச்செடுத்துக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். வணக்கம்.