நெஞ்சில் யார் பெயர்: புது ஜெர்சியும் விளம்பரச் சின்னமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துப் பிரீமியர் லீக் ஆட்டங்கள் ஆகஸ்டு மாதம்தான் தொடங்கும். ஆனால் ஜூன், ஜூலையிலேயே சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் வாக்குவாதம் தொடங்கிவிடும். புது ஜெர்சியின் படம் புலனக் குழுவில் வந்து விழ வேண்டியதுதான், ஆளுக்கொரு கருத்து கிளம்பும். கழுத்துப் பட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. "சட்டை நல்லாத்தான் இருக்கு, நெஞ்சுல இருக்குற அந்தப் பேருதான் கெடுக்குது" என்பதுதான் அதிகம் காதில் விழும். இதை வெட்டிப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. ரசிகர்கள் சொல்வதில் பெரும்பகுதி நியாயமானது. நம் தோட்டக் குழுக்கள் தங்களுக்கென்று ஜெர்சி அடிக்கும்போது செய்கிற தவறுகளுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

ரசிகர்களுக்கு விளம்பரமே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் ஷார்ப் நிறுவனத்தின் பெயர் 1982 முதல் 2000 வரை இருந்தது. ஆர்சனல் சட்டையில் ஜேவிசி 1981 முதல் 1999 வரை. லிவர்பூல் சட்டையில் கார்ல்ஸ்பெர்க் 1992 முதல் 2010 வரை. மூன்றும் பதினெட்டுப் பதினெட்டு ஆண்டுகள். இன்றைக்குப் பழைய பாணி ஜெர்சி வாங்குகிறவர், அந்தப் பெயர் இல்லாத சட்டையைக் கொடுத்தால் இது அசல் மாதிரியே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பெயர்கள் சட்டையோடு ஒட்டிப்போனதற்கு நீண்ட காலம் ஒரு காரணம். இன்னொன்று நிறம். சிவப்புச் சட்டையில் ஷார்ப் என்ற பெயர் வெள்ளையில் இருந்தது. சட்டையில் ஏற்கெனவே இருந்த இரண்டு மூன்று நிறங்களுக்குள் அது அடங்கிக்கொண்டது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2014இல் அதே யுனைடெட் சட்டைக்கு செவ்ரோலெட் வந்தது. தங்க நிறத்தில் அந்தக் கார் நிறுவனத்தின் சின்னம் சிவப்புத் துணியின் நடுவில் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. பணம் பெரிய பணம், ஏழு ஆண்டுக்கு ஏறத்தாழ 559 மில்லியன் அமெரிக்க டாலர் என்று செய்தி வந்தது. இருந்தும் சட்டையின் அழகு போச்சு என்றுதான் ரசிகர்கள் புலம்பினார்கள். டாட்டன்ஹாம் ரசிகர்களின் குறை இன்னும் கூர்மையானது. அவர்களுடைய வெள்ளைச் சட்டையில் ஏஐஏ என்ற காப்புறுதி நிறுவனத்தின் எழுத்துகள் பல ஆண்டுகள் சிவப்பில் இருந்தன. காப்புறுதி முகவர்கள் வீட்டுக்கு வீடு வரும் நம் ஊரில் அந்தச் சிவப்பு எல்லாருக்கும் பழக்கம். ஆனால் வடக்கு லண்டனில் சிவப்பு என்றால் ஆர்சனல். பரம எதிரியின் நிறத்தை நெஞ்சில் சுமப்பதா என்று அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

நிறத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டானுக்குச் சொந்தமான கார்டிஃப் சிட்டி 2012இல் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றியது. நெஞ்சில் மலேசியா என்ற பெயரும் இருந்தது. ஆதரவாளர்களின் கோபம் முக்கியமாக நிறத்தின் மீதுதான். 2013இல் குழு பிரீமியர் லீக்குக்கே ஏறியது, அப்போதும் அவர்கள் சமாதானம் ஆகவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது.

அடுத்து, விளம்பரம் செய்கிறவர் என்ன தொழில் செய்கிறார் என்ற கேள்வி. 2013இல் நியூகாசல் சட்டையில் வோங்கா என்ற பெயர் வந்தது. சம்பள நாள் வரைக்கும் கொடுக்கிற, வட்டி மிக அதிகமான சில்லறைக் கடன் நிறுவனம் அது. கடனால் நொந்த குடும்பங்கள் நிறைந்த ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. 'ஆ லோங்' எனும் வட்டிக்காரர்களின் தொல்லை என்றால் என்ன என்று தெரிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2021இல் நார்விச் சிட்டி ஒரு பந்தய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அந்த நிறுவனத்தின் ஆபாசமான விளம்பரங்களைக் கண்டு ரசிகர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டது.

பந்தய நிறுவனங்களைப் பற்றி நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துக் குழுவின் நெஞ்சில் ஏன் சில ஆண்டுகளாகச் சீன எழுத்துகள்? இங்கிலாந்தில் அதை யார் படிக்கப் போகிறார்கள்? அந்த விளம்பரம் மைதானத்தில் இருப்பவருக்கானதே இல்லை. இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடைத் திரையில் ஆட்டம் பார்க்கிற ஆசியக் கண்களுக்காக வைத்தது. அதாவது நமக்காக. பிரீமியர் லீக் குழுக்கள் 2023 ஏப்ரலில் ஒரு முடிவெடுத்தன: 2025-26 பருவத்தோடு சட்டையின் முன்புறத்திலிருந்து பந்தய நிறுவனங்களை எடுத்துவிடுவது. கைப்பகுதிக்கு அந்தத் தடை கிடையாது. அது பெரிய ஓட்டை என்றுதான் நான் சொல்வேன்.

நம் நாட்டு லீக்கே 2004 வரை டன்ஹில் என்ற சிகரெட்டின் பெயரைத் தாங்கி நடந்தது. அதே உலகத்தில், 1984 முதல் 1986 வரை வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் குழு புகைபிடிக்காதீர் என்ற அடையாளத்தை நெஞ்சில் அணிந்து ஆடியது. அந்த இடம் உள்ளூர்ச் சுகாதார நிர்வாகம் எடுத்த விளம்பர இடம். நெஞ்சில் உள்ள இடத்தை நல்ல காரியத்துக்கும் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, நம் ஊர்த் திடலுக்கு வருவோம்.

தோட்டக் குழு ஒன்று பதினெட்டு, இருபது சட்டை அடிக்கப் புறப்படுகிறது. டயர் கடைக்காரர், நகைக்கடைக்காரர், வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்காரர், மினி மார்க்கெட், லோரி முதலாளி என்று கேட்டால் கொடுக்கிற மனிதர்கள் நம்மிடம் நிறைய. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கும். ஐந்து பேர் கொடுத்தால் ஐந்து பெயரும் நெஞ்சில் ஏறுகிறது. கடைசியில் சட்டை கோயில் திருவிழாப் பதாகை மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு பெயரும் பத்தடி தூரத்தில் படிக்க முடிவதில்லை. காசு கொடுத்த ஐவருக்கும் அதில் பயனில்லை. முன்புறம் ஒருவர், முதுகில் எண்ணுக்குக் கீழே ஒருவர், கைப்பகுதியில் ஒருவர், அதோடு நிறுத்துங்கள். மற்றவர்களின் பெயரைத் திடலில் கட்டும் பேனரில் போடலாம். முன்புறம் வாங்குகிறவர் மொத்தச் செலவில் பாதியை ஏற்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிட்டால் மனத்தாங்கல் வராது. எத்தனை பருவத்துக்கு அந்தப் பெயர் இருக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது நல்லது.

பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், இரண்டுக்கும் ஆகாது, கடைக்காரர் ஒருவர்தான் என்றால்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இதற்கு வழி கண்டார்கள். ரேஞ்சர்ஸ், செல்டிக் இரண்டும் எண்ணெயும் தண்ணீரும். ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் மற்றதன் ஆதரவாளர்கள் அந்தச் சரக்கை வாங்க மாட்டார்கள். அதனால் கார்லிங், டென்னன்ட்ஸ் போன்ற பீர் நிறுவனங்கள் இரண்டு குழுவுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தன.

இனி அளவு. ஐரோப்பியப் போட்டிகளில் நெஞ்சு விளம்பரத்துக்கு 200 சதுர சென்டிமீட்டர், இங்கிலாந்தில் 250 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 25 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் உயரம் என்றால் 200 வந்துவிடும். நமக்கும் அது போதும். பெரியவர்களின் எல் அளவுச் சட்டை மார்பில் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சின்னம் அதில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கையைத் தூக்கும்போது இரண்டு ஓரமும் அக்குளுக்குள் மடிந்துவிடும். சிறுவர் சட்டைக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர் போதும். எல்லா அளவுக்கும் ஒரே அளவுச் சின்னத்தை வைத்து அச்சிடுவதுதான் அச்சுக் கடைகளில் வழக்கமாக நடக்கும் தவறு. அளவுக்கு அளவு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டால் செய்வார்கள்.

சின்னத்தின் கோப்பு அடுத்த தலைவலி. கடைக்காரர் தன் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்புவார். புலனம் படத்தைச் சுருக்கிவிடும், அச்சில் ஓரமெல்லாம் பல் பல்லாக வரும். பலகை எழுதிக் கொடுத்த கடையில் மூலக் கோப்பு இருக்கும். ஏஐ (அடோபி இல்லஸ்ட்ரேட்டர்), எஸ்விஜி, அல்லது எழுத்துகளை வடிவமாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

அந்த எழுத்துகளை வடிவமாக மாற்றுவது தமிழுக்கு மிக முக்கியம். அச்சுக் கடைக் கணினியில் நம் எழுத்துரு இருக்காது. கோப்பைத் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி இன்னொரு பக்கம் என்று எழுத்து உடைந்துவிடும். வடிவமைப்பவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அது உடைந்த எழுத்து என்றே அவருக்குத் தெரியாது, அப்படியே அடித்துவிடுவார். எனவே தமிழ் படிக்கிற ஒருவர் இறுதிக் கோப்பைத் திரையில் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். கோடுகள் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மெல்லிய வளைவுகள் தேய்ந்துவிடும். புள்ளி அதைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

அச்சு முறை இரண்டு. ஒன்று சப்ளிமேஷன். தாளில் கண்ணாடிப் பிம்பமாக அச்சடித்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் 45 முதல் 60 வினாடி அழுத்துவார்கள். மை ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் போய்விடும். கையால் தடவினால் தட்டுப்படாது, வெடிக்காது, உரியாது. இதில் வெள்ளை மை கிடையாது. வெள்ளையாகத் தெரிவது அச்சுப்படாத துணி. அதனால் துணி முதலில் வெள்ளையாக இருக்க வேண்டும், சின்னமும் சட்டையின் வடிவமைப்போடு சேர்ந்தே வர வேண்டும். இரண்டாவது டிடிஎஃப். சின்னத்தை மட்டும் மெல்லிய ஞெகிழித் தாளில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, 150 டிகிரி அளவில் பத்துப் பதினைந்து வினாடி அழுத்தி ஒட்டுவார்கள்.

கடைசி நேரத்தில் ஒரு நல்ல மனிதர் வந்து நானும் தருகிறேன் என்பார். சட்டையோ ஏற்கெனவே சிவப்பாக அச்சாகி வந்திருக்கும். அவர் பெயரை டிடிஎஃப் முறையில் வெள்ளையாக ஒட்டுவார்கள். ஒட்டிய அன்று பளிச்சென்று இருக்கும். சில நாளில் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். துணியில் ஆவியாகி ஏறிய அதே சாயம், மறுபடியும் சூடு பட்டதும் கிளம்பி, மேலே இருக்கும் வெள்ளைக்குள் ஊறுகிறது. துவைத்துப் போக்க முடியாது. வேறு வழியே இல்லையென்றால் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்படலம் உள்ள தாளைக் கேளுங்கள், 130 டிகிரிக்குள் ஒட்டும் பசை வேண்டுமென்று சொல்லுங்கள். ஒரு சட்டையை மட்டும் ஒட்டி வெயில் படும் காரில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். கறுப்பு எழுத்தாக இருந்தால் இந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள், ஆரஞ்சுச் சட்டைக்கு நான் எப்போதும் கறுப்பையே சொல்வேன். மஞ்சளில் வெள்ளை எழுத்து எப்படியும் படிக்க முடியாது.

சின்னத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, கட்டம் முழுவதும் ஒரு நிறத்தை நிரப்பி ஒட்டுவதையும் தவிருங்கள். அந்தப் படலம் காற்றை விடாது. மாலை நாலரை மணி வெயிலில் நெஞ்சில் 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஞெகிழி ஒட்டிக்கொண்டு யார் ஓடுவது? எழுத்துகளை மட்டும் தனித்தனியாக வெட்டி ஒட்டினால் நடுவில் துணி மூச்சு விடும்.

நிறத்தில் அதிகம் ஏமாற்றுவது அடர்நீலம். திரையில் நீலம், துணியில் ஊதா. திரையின் நிறத்தை நம்பாமல், அதே துணியில் அச்சடித்த நிற அட்டையைக் கடையில் கேட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரரின் சின்னத்தில் நான்கு நிறம் இருந்தாலும், சட்டைக்கு ஒரே நிறத்தில் மாற்றித் தரச் சம்மதம் வாங்குங்கள். தயங்கினால் ஒரே நிறத்தில் போட்ட மாதிரிப் படத்தையும் நான்கு நிறத்தில் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்தடி தள்ளி நின்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். அநேகமாக அவரே ஒரே நிறத்தைத்தான் கேட்பார்.

சிறுவர் சட்டைக்கு ஒரு வேண்டுகோள். இங்கிலாந்தில் மது, பந்தய நிறுவனங்களின் பெயரைச் சிறுவர் அளவுச் சட்டையில் போடுவதில்லை. நம் பையன்களுக்குப் பெரிய குழுவின் நகல் ஜெர்சியை இரவுச் சந்தையில் வாங்கும் பெற்றோர், அங்கே தொங்கும் சின்ன அளவுகளிலும் பந்தயப் பெயர் இருப்பதைப் பார்க்கலாம். பெயர் இல்லாததைக் கேளுங்கள். நம் தேசியக் குழுவான ஹரிமாவ் மலாயாவின் சட்டையும் நல்ல தேர்வு. தேசியக் குழுக்கள் ஆடும் சட்டையில் விளம்பரம் கூடாது என்பது ஃபிஃபா விதி, அதனால் நெஞ்சில் விளம்பரப் பெயர் இருக்காது.

ஜெர்சி கைக்கு வந்தபின், ஒட்டிய சின்னம் இருந்தால் முதல் 24 மணி நேரம் துவைக்காதீர்கள். பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள். துணி மென்மையாக்கி வேண்டாம், பசையை இளக்கிவிடும். சின்னத்தின் மேல் நேராக இஸ்திரி போடவே கூடாது. நிழலில் காயப்போடுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.