ஸ்டிக் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய காலண்டர் தாள் போதும். பிள்ளைகள் மடிக்கிற மாதிரி ஒரு ராக்கெட் மடித்து வீசுங்கள். அடுத்து, இறக்கையின் பின்விளிம்பை இரண்டு பக்கமும் நகத்தளவு மேலே மடித்துவிட்டு வீசுங்கள். மூக்கைத் தூக்கும். ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் மடித்து வீசினால் உருளும். நம் தேஜஸ் விமானத்தில் பின்வாலில் கிடை இறக்கையே கிடையாது. இப்போது நீங்கள் மடித்த அந்தப் பின்விளிம்புதான் ஏறுவது, இறங்குவது, உருள்வது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

மற்ற விமானங்களில் இந்த வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். இறக்கை நுனிப் பக்கம் இருப்பது ஏலரான், வாலில் படுத்திருப்பது எலிவேட்டர், வாலில் நிமிர்ந்து நிற்பது ரடர். பைலட் தன் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்புகிற கோலை, வலப்பக்கம் சாய்த்தால் வலது ஏலரான் மேலே போகும், இடது கீழே இறங்கும். மேலே போன பக்கம் தூக்குவிசை குறைந்து அந்த இறக்கை தாழும். ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே மடங்கி, வாலைக் கீழே அழுத்தி, மூக்கைத் தூக்கும். ரடர் காலால் மிதிப்பது. ஏலரான் கீழே இறங்கிய இறக்கைக்குக் காற்றின் இழுவை கூடும். அதனால் விமானம் ஒரு பக்கம் சாயும்போதே மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். அதை நேர்செய்யத்தான் முக்கியமாக அந்தக் கால்.

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு வளவோரம் என் மேசை. பிளாஸ்டிக் கிட் வாங்கிப் போர் விமான மாதிரிகள் ஒட்டுவது என் பொழுதுபோக்கு. பெரும்பாலும் 72-இல் ஒரு பங்கு அளவு. ஆறடி உயரம் ஓர் அங்குலமாகிவிடும் என்பதால் வந்த கணக்கு அது. 11.23 மீட்டர் இறக்கை விரிப்புள்ள ஸ்பிட்ஃபயர் இந்த அளவில் 15.6 சென்டிமீட்டர்தான். வளவில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் கத்திரி வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் பெயின்ட் வேலை காலை எட்டு மணிக்குள் சரி.

தஞ்சாவூருக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்த பிறகு நம் பக்கத்துப் பையன்களுக்கும் இதில் ஆசை வந்திருக்கிறது. உறவுக்காரப் பையன் ஒருவன் தான் ஒட்டி முடித்த ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்து காட்டினான். பெயின்டெல்லாம் அருமை. ஆனால் இரண்டு ஏலரானும் கீழே தொங்கின.

"பைலட் எந்தப் பக்கம்ப்பா திரும்பப் போறார்?" என்று கேட்டேன்.

"சும்மா நிக்கிற பிளேன் சித்தப்பா. நின்னா தொங்காதா?"

நல்ல கேள்வி. இரண்டு ஏலரானும் ஒரே ஸ்டிக்கோடு கேபிளால் பிணைக்கப்பட்டவை. ஒன்று இறங்கினால் மற்றது ஏறித்தான் ஆக வேண்டும். விமானம் நின்றாலும் பறந்தாலும் இதில் மாற்றமில்லை. எலிவேட்டர் கதை வேறு. இரு பக்கமும் சேர்ந்தே அசைவதால், நிறுத்தி வைத்த விமானத்தில் அது தன் எடையிலேயே கீழே தொங்கும். காக்பிட்டுக்குள் ஸ்டிக்கும் தானாக முன்னே சாய்ந்து கிடக்கும். ஆக, மாதிரியில் எலிவேட்டரைத் தொங்கவிட்டால் ஸ்டிக்கையும் முன்னே சாய்த்து ஒட்ட வேண்டும். ஸ்டிக் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம் என்று ஒட்டிவிட்டால் எவ்வளவு நேர்த்தியாக பெயின்ட் அடித்தாலும் அது பொம்மைதான், என் கணக்கில்.

கிட்டில் இந்தப் பாகங்கள் பெரும்பாலும் இறக்கையோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியின் கூர்முனையை வைத்து அழுத்தினால் கோடு கோணும். கத்தி அலகைத் திருப்பி, அதன் முதுகால், கீல் கோட்டின்மேல் மெதுவாகக் கீறி இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் மெல்லிய சுருளாகச் சுரண்டிக்கொண்டு வரும். மேல்பக்கம் கொஞ்சம், கீழ்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கீறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோடு வெளுத்துத் தெரியும். அப்போது மெல்ல வளைத்தால் டக்கென்று கழன்றுவிடும். வெட்டிய விளிம்பு சதுரமாக இருக்கும். அதை உப்புத்தாளில் தேய்த்து உருட்ட வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் அந்த முன்விளிம்பு உருண்டையாக இருந்து இறக்கையின் குழிவுக்குள் சுழல்கிறது. இந்த உருட்டலை விட்டுவிட்டு ஒட்டினால் உடைந்ததை ஒட்டவைத்த மாதிரியே தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விமானங்களில் வேறொரு சம்பந்தமும் உண்டு. கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டபோது, செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் கடையும் கணக்கும் நிலமும் அங்கேதான். அன்று பர்மா வானத்தில் பறந்தவற்றை வரிசையாகச் செய்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பஃபலோ, டோமஹாக், ஹரிக்கேன், ஜப்பானின் ஹயபுசா. ஹயபுசாவில் ஒரு சங்கதி இருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பில், உடலை ஒட்டிக் கீழே இறங்கித் தூக்குவிசையைக் கூட்டும் பலகைதான் ஃபிளாப். தரையிறங்கத்தானே அது என்று நினைப்போம். அதன் பைலட் சண்டைக்கு நடுவிலேயே ஃபிளாப்பை நீட்டி இன்னும் குறுகலாக வட்டமடிப்பார்.

என் மேசையில் மட்டும் லைசாண்டருக்குத்தான் முதல் மரியாதை. இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் 1942 தொடக்கத்தில் மஜும்தார் தலைமையில் பர்மாவுக்குக் கொண்டுபோன விமானம் அது. தரைப்படைக்கு உளவு பார்க்கவும் சேதி கொண்டுபோகவும் செய்யப்பட்டது. அதில் குண்டைக் கட்டிக்கொண்டு போய் ஜப்பானியரின் விமானத் தளத்தையே தாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு துணிச்சல்! அதன் இறக்கை முன்விளிம்பில் ஸ்லாட் என்கிற பட்டைகள் உண்டு. உட்பக்கத்து ஸ்லாட் ஃபிளாப்போடு பிணைந்தது. இவற்றை இயக்கப் பைலட்டுக்கு நெம்புகோல் கிடையாது. வேகம் குறையக் குறைய ஸ்லாட் தானே வெளியே வரும், அதோடு ஃபிளாப்பும் இறங்கும். வேகம் கூடினால் காற்றே உள்ளே தள்ளிவிடும். அதனால் பறக்கிற லைசாண்டர் செய்தால், அது வேகமாகப் போகிறதா, மெதுவாகத் தரையைத் தேடுகிறதா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்லாட்டை மூடி ஃபிளாப்பை இறக்கி ஒட்டினால் அப்படி ஒரு நிலை அந்த விமானத்துக்குக் கிடையாது.

ஃபிளாப் விஷயத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பழக்கம். ஸ்பிட்ஃபயருக்கு ஏற்றியது, முழுக்க இறக்கியது என்று இரண்டே நிலை. தரையிறங்கியதும் ஏற்றிவிடுவது வழக்கம். அதை இறக்கி வைத்துச் செய்கிறவர்கள், இறக்கையின் மேற்பக்கம் கூடவே திறந்துகொள்ளும் சின்னஞ்சிறு மூடியையும் திறந்து வைக்க வேண்டும். மஸ்டாங்கில் எஞ்சினை அணைத்தபின் ஹைட்ராலிக் அழுத்தம் மெல்ல வடிந்து, ஃபிளாப்பும் சக்கரத்தின் உட்பக்கக் கதவும் தாமே இறங்கிவிடும்.

ஜெட் காலத்தில் எலிவேட்டருக்கே சோதனை வந்தது. ஒலி வேகத்தை நெருங்கும்போது அதிர்வலை ஒன்று கீலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னால் மடங்கும் பகுதிக்குப் பலம் போய்விடும். அதனால் வாலின் கிடை இறக்கை முழுவதையுமே சுழல வைத்தார்கள். மிக்-21, சுகோய்-30 எல்லாம் அந்த வகை. மாதிரி செய்கிறவருக்கு இது லாபம், கீறி வெட்டுகிற வேலை மிச்சம்.

1965 போரில் பெயர் வாங்கிய நாட் விமானமும் அந்த வகைதான். 72-இல் ஒரு பங்கு அளவில் இறக்கை 9 சென்டிமீட்டர் சொச்சம். அந்தப் பையன் அடுத்து வாங்கியிருப்பது இதைத்தான். இதில் தனியாக ஃபிளாப் கிடையாது. சக்கரத்தை இறக்கினால் ஏலரான் இரண்டும் சேர்ந்து கீழே இறங்கி ஃபிளாப் வேலையைப் பார்க்கும். ஸ்பிட்ஃபயரில் நான் கூடாது என்று சொன்னதை இதில் அவன் தாராளமாகச் செய்யலாம், சக்கரம் கீழே இருக்கும் வரை. இன்னும் அவனிடம் சொல்லவில்லை. வானொலி கேட்கிற பையன்தான், இந்நேரம் தெரிந்திருக்கும். நன்றி, வணக்கம்.